நூல் அறுவது ஏன்?

"நூல்" என்னுஞ் சொல் செவிப்பட்டவுடன் தமிழ் பயிலும் மாணாக்கராகிய நம் உள்ளம் ஏட்டினை நாடிச் செல்லும். தையற்றொழிலாளர் உள்ளமோ கண்டினை நாடிச் செல்லும். இவ்விரண்டிற்கும் பெயர் ஒன்றாதல் தற்செயலன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மங்கையாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்து இவ்வொற்றுமையை விளக்குகின்றது. ஆயினும், நூற்ற நூல் இடையில் அறுமாயின் செய்வது யாதென அப்பாயிரம் கூறிற்றிலது. அக்குறையை நிரப்பும் ஆற்றல் நமக்குண்டென்று யாம் தருக்கவில்லை. சென்ற கோடை விடுமுறையில் நம் அத்தையாரின் தையற்பொறியருகே பதினைந்து நாள் அமர்ந்து கற்றதனை, நம் கல்லூரித் தோழர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் முறைப்படுத்திக் கூறுதலே ஈண்டு நம் நோக்கமாகும்.

இடமும் தொழிலும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்புறத்தே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் ஒன்றற்கொன்று ஏறத்தாழ 12 கிலோமீட்டர்த் தொலைவில் அமைந்துள்ளன. முன்னது ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தாலும், பூமாலையாலும், பால்கோவாவாலும் புகழ் பெற்றது. பின்னது பஞ்சாலைகளாற் பெயர் பெற்றது. 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி இராஜா அவர்கள் இராஜபாளையம் மில்ஸ் என்னும் நூற்பாலையை நிறுவினார்கள். அதன் பின்னர் அவ்வூர் நூலால் வாழும் ஊராக வளர்ந்தது. அண்மையிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகட்கு வேண்டும் கட்டுத்துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகின்றது. சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை நெய்வர். தளவாய்புரத்திலும் அதன் சுற்றூர்களிலும் மகளிர் இரவில் அணியும் நைட்டி என்னும் உடை தைக்கப்பெற்று வெளியூர்கட்கு மூட்டை மூட்டையாகச் செல்கின்றது. பஞ்சு நூலாவதும், நூல் துணியாவதும், துணி உடையாவதும் ஒருநாட் பயண எல்லைக்குள் காணக்கூடிய நிலப்பகுதி இது.

நம் அத்தையார் இப்பகுதியில் தம் இல்லத்திருந்தே நைட்டி தைப்பவர். வெட்டிய துணி கட்டாக வீட்டுக்கு வரும். தைத்த உடை கட்டாகத் திரும்பிச் செல்லும். கூலி உடைக்கணக்கில் அமையும். நூல் ஒருமுறை அறுமாயின், பொறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி, மீண்டும் ஊசியிற் கோத்து, விட்ட இடத்தைத் தொட்டுத் தைத்தற்குள் இரண்டு நிமிடம் கழிந்துவிடும். நாளொன்றுக்கு முப்பது முறை அறுமாயின் ஒருமணி நேரக் கூலி போயிற்று. ஆகலின், நமக்குச் சிறுபொருளாகத் தோன்றும் இந்நூலறுதல், அவருக்கு அரிசியும் எண்ணெயும் பற்றிய பெரும்பொருளாகும்.

யாம் சென்றிருந்த வாரத்தில் அவர் தைத்தனுப்பிய நாற்பது உடைகள் திரும்பி வந்தன. தையலின் அடிப்புறத்தே நூல் வளையம் வளையமாகத் தொங்கிற்று என்பதும், இழுத்தால் தையல் பிரிந்தது என்பதும் குற்றம். பிரித்துத் தைத்துத் தருதல் வேண்டும். அன்றிக் கூலியிலும் ஒரு பகுதி பிடித்தம். அத்தையார் அக்கட்டினை நோக்கி, "கண்ணு, பழையதாய்ப் போனது மெஷினா, நானா என்று தெரியவில்லையே" என்றார். அந்த ஒரு சொல்லே நம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்திற்று.

தையல் உண்டாகுமாறு

நோயின் காரணத்தை அறிதற்கு முன்னர் உடலின் அமைப்பை அறிதல் வேண்டும். கைத்தையலில் ஒரே நூல் துணியின் மேலுங் கீழுமாகச் சென்று மீள்கின்றது. பொறித்தையலிலோ இரண்டு நூல்கள் உள. ஒன்று மேலே கண்டிலிருந்து ஊசிக்கு வரும் மேல்நூல். மற்றொன்று கீழே பாபினில் சுற்றப்பட்டிருக்கும் அடிநூல். கைவூசிக்குக் காது பின்முனையில் இருக்கும். பொறியூசிக்கோ காது கூர்முனையின் அருகே இருக்கும். ஊசியின் காதென்றவுடன் நம் தோழர் சிலர் வேதத்திற் கூறப்பட்ட ஒட்டகத்தை நினைப்பர். இக்காது இடம் மாறினமையே தையற்றொழிலில் உலகத்தை மாற்றிற்று என்பதையும் நினைத்தல் நலம். அமெரிக்க நாட்டு எலியாஸ் ஹோவே என்பார் 1846-இல் இவ்விதவூசியும் ஓடமும் கொண்ட பொறிக்கு உரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் என்பார் அதனைத் திருத்திப் பரப்பினார். இயந்திரங்களைப் பற்றி ஐயங்கொண்டிருந்த காந்தியடிகளும் 1924-இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையற்பொறிக்கு மட்டும் விலக்களித்துப் பேசியமை அறிஞர் அறிந்ததே.

ஊசி மேல்நூலைச் சுமந்துகொண்டு துணியைத் துளைத்துக் கீழே செல்கின்றது. அடியைத் தொட்டுச் சிறிதே மேலெழும்பொழுது, நூல் துணியிற் பற்றுண்டு நிற்றலின், ஊசியின் பின்புறத்தே ஒரு சிறு வளையம் உண்டாகின்றது. அத்தருணத்தில் கீழேயுள்ள கொக்கியின் கூர்முனை அவ்வளையத்துட் புகுந்து, அதனை அகலப்படுத்தி, பாபினைச் சுற்றிக் கொண்டுசென்று விடுகின்றது. உடனே மேலுள்ள நூலிழுக்கும் கை அவ்வளையத்தை மேனோக்கி இழுக்கின்றது. மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பற்றித் துணியின் நடுவே முடிகின்றன. பின்னர்ப் பற்கள் துணியை முன்னே தள்ளுகின்றன. இவ்வளவும் ஒரு நொடியில் பலமுறை நிகழ்வன. தொழிற்சாலைகளிலுள்ள விரைவுப் பொறிகள் நிமிடத்திற்கு 4000 முதல் 5000 தையல் வரை இடும்.

இங்கே ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். பாபினைச் சுற்றிவர ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நூல் கீழே செல்கின்றது. ஆனால் ஒரு தையலில் தங்கும் மேல்நூல் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டரே. எஞ்சியது அனைத்தும் மீண்டும் மேலே இழுக்கப்பட்டு, அடுத்த தையலுக்கு மீண்டும் கீழே செல்கின்றது. எனவே, நூலின் ஒவ்வொரு பகுதியும் துணியில் நிலைபெறுவதற்கு முன்னர் ஊசிக்காதின் வழியே ஏறத்தாழ முப்பது முறை கீழ்மேலாக ஓடித் தேய்கின்றது. காதில் ஒரு மயிரிழைப் பிசிறு இருப்பினும், முப்பது முறை அராவப்பட்ட நூல் என்னாகும்? நூலின் வலிமைக்குறை என்று நாம் பழிப்பது பெரும்பாலும் நூல் செல்லும் வழியின் குறையே என்பது இதனால் விளங்கும்.

இழுவிசை என்பது யாது?

தொழிலாளர் டென்ஷன் என்று வழங்குவதனை யாம் இழுவிசை என்போம். மேல்நூல் இரண்டு சிறு தட்டுகளுக்கிடையே அழுந்திச் செல்கின்றது. அத்தட்டுகளை ஒரு சுருள்வில் நெருக்குகின்றது. அவ்வில்லை ஒரு திருகு இறுக்கவும் தளர்த்தவும் செய்கின்றது. அடிநூலுக்கு பாபின் கூட்டின்மேல் ஒரு தகட்டுவில்லும் சிறு திருகும் உள. இவ்விரண்டும் கயிறிழுக்கும் இரு கட்சியினர் போல்வன. வலி ஒத்திருப்பின் முடிச்சு துணியின் நடுவே மறைந்து நிற்கும். இருபுறமும் ஒரே தோற்றம் காணப்படும். மேற்கட்சி மிக்க வலியுடையதாயின் அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தோன்றும். மேற்கட்சி வலி குன்றின், மேல்நூல் கீழே இழுக்கப்பட்டு வளையம் வளையமாகத் தொங்கும்.

இக்கடைசிச் செய்தியைத் தோழர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். கீழே காணப்படும் வளையம் மேல்நூலின் குற்றத்தால் விளைவது. கண்ட இடம் கீழாதலின் காரணமும் கீழே என்று கருதுதல் எளிதில் நேரும் பிழை. அத்தையாரும் அவ்வாறே கருதி, பாபின் கூட்டின் திருகை மேன்மேலும் இறுக்கியிருந்தார். அடிநூல் அதனால் இன்னும் வலுவாக இழுத்தது, வளையம் பெருகிற்று.

அறுந்த நுனியைப் படித்தல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்கு அணித்தே தையற்பொறி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் சிறு கடை வைத்திருக்கின்றார். பொறியின் தலையைக் கழற்றித் துணியிற் பொதிந்து பேருந்தில் அவரிடம் கொண்டு சென்றோம். அவர் பொறியைத் தொடுமுன், "அறுந்த நூல் எங்கே?" என்று வினவினார். பொறியை மட்டும் கொண்டுசென்ற நமக்கு விடையில்லை. அத்தையார் தம் முந்தானையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டினை எடுத்துக் கொடுத்தார். அவர் அதனை வெளிச்சத்திற் பிடித்து நெடிது நோக்கினார். "தம்பி, நீங்கள் புத்தகம் படிக்கிறீர்கள், நான் இந்த நுனியைப் படிக்கிறேன்" என்றார். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு இதனினும் தக்க விடை யாருங் கூறியிருக்க இயலாது.

அறுந்த நுனி மூவகைப்படும் என்று அவர் விளக்கினார். கத்தியால் வெட்டியதுபோல் நேரே அற்றிருப்பின், கூரிய விளிம்பொன்று வழியில் உளது; கொக்கியின் முனையிலோ, ஊசித்துளைத் தகட்டிலோ அதனைத் தேடல் வேண்டும். இழைகள் பிரிந்து பஞ்சு போலச் சிதைந்திருப்பின், நூல் பன்முறை உராய்ந்துள்ளது. ஊசிக்காது நூலுக்குச் சிறியதாக இருத்தலோ, காதில் பிசிறு இருத்தலோ காரணம். நுனி நீண்டு மெலிந்து சுருண்டிருப்பின், இழுவிசை மிகுந்து நூல் இழுபட்டு அற்றது என்க. பாலியஸ்டர் நூலின் நுனியில் உருகிய சிறு மணி போன்றது காணப்படுமாயின், விரைவுப் பொறியில் ஊசி சூடேறி நூலை உருக்கிற்று என்பது தெளிவு. பருத்தி நூல் உருகாது. பாலியஸ்டரோ 250 முதல் 260 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும்.

ஆராயும் முறை

பின்னர் அம்முதியவர் ஒரு முறைவைப்பைக் கூறினார். அதனை யாம் வரிசையாக எழுதிக்கொண்டோம். எளியது முன்னும் அரியது பின்னுமாகவும், செலவற்றது முன்னும் செலவுள்ளது பின்னுமாகவும் அமைந்தமையே அதன் சிறப்பு.

முதலாவது, நூலை முற்றும் உருவிவிட்டு மீண்டும் கோத்தல். அங்ஙனம் கோக்குங்கால் துணியை அழுத்தும் பாதம் உயர்த்தப்பட்டிருத்தல் வேண்டும். பாதம் உயர்ந்திருக்கும்பொழுதே இழுவிசைத் தட்டுகள் விலகி நூலைத் தம்முள் ஏற்கும். பாதம் தாழ்ந்திருப்பின் தட்டுகள் மூடி நிற்கும். நூல் அவற்றின் விளிம்பின்மேல் படிந்து, இழுவிசை சிறிதுமின்றி ஓடும். கோத்தபின் பாதத்தைத் தாழ்த்தி நூலை இழுத்துப் பார்க்க. கையில் தடை உணரப்படின் நூல் தட்டுகளுள் உளது. தடையின்றி வருமாயின் வெளியே உளது. இச்சோதனைக்கு ஒரு நொடியே போதும்.

இரண்டாவது, ஊசியை மாற்றுதல். பொறியின் உறுப்புகளுள் மிகக் குறைந்த விலையுடையதும், மிகுந்த உழைப்பை ஏற்பதும் ஊசியே. வளைந்த ஊசியையும் முனை மழுங்கிய ஊசியையும் கண்ணால் அறிதல் அரிது. சமமான கண்ணாடியின்மேல் அதன் தட்டைப் பக்கத்தை வைத்து, இடைவெளி எங்கும் ஒத்திருக்கின்றதா எனக் காண்க. ஊசிகள் 11, 14, 16, 18 என்று எண்ணிட்டு விற்கப்படுகின்றன; அவற்றோடு முறையே 75, 90, 100, 110 என்று காணப்படும் எண்கள் ஊசித்தண்டின் தடிப்பை மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்காற் குறிப்பன. நூலுக்கு ஊசி பொருந்துமா என்றறிய, ஒரு முழ நீள நூலைக் காதிற் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடிக்க. ஊசி தன் எடையால் தங்குதடையின்றி வழுக்கி இறங்கின் பொருத்தம் நன்று. இடையில் நின்றுவிடின் காது சிறிது. ஊசியின் நீண்ட வரிப்பள்ளம் நூல் நுழையும் பக்கத்தே அமையுமாறு மாட்டுதலும், முழுதும் மேலேறுமாறு செருகித் திருகுதலும் இன்றியமையாதன.

மூன்றாவது, நூலைச் சோதித்தல். நெடுநாள் வெயிலிற் கிடந்த நூல் இற்றுப்போம். இரு கையாலும் சட்டென இழுத்துப் பார்க்க. புதிய நூலினும் எளிதில் அறுமாயின் விலக்குக. நூலின் முறுக்கும் கருதத்தக்கது. பொறித்தையலுக்குரிய நூல், செங்குத்தாகப் பிடிக்கும்பொழுது அதன் வரிகள் ஆங்கில இஸட் எழுத்தின் நடுக்கோடு போலச் சாய்ந்திருக்குமாறு முறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். மாறான முறுக்குடைய நூல் பொறியின் இயக்கத்தால் தையலுக்குத் தையல் பிரிந்து, இழையிழையாகி அறும். பருத்தி நூலைப் பற்றி நூற்பாலையார் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு: ஈரப்பதம் மிகின் அதன் வலிமை மிகும். ஆலைக்குள் ஈரக்காற்று நிலைபெறச் செய்வது இதன்பொருட்டேயாம். கோடைக் காற்றிற் காய்ந்த பருத்தி நூல் மிகுதியாக அறுதற்கும் இதுவே காரணம்.

நான்காவது, நூல் செல்லும் வழியைத் தூய்மை செய்தல். இழுவிசைத் தட்டுகளுக்கிடையே ஒரு துளி பஞ்சு சிக்கினும் தட்டுகள் முற்றும் நெருங்கா. தூய துணி நாடாவொன்றை அவற்றினிடையே செலுத்தி இழுக்க, ஊசியாற் குத்தற்க. பாபின் கூட்டின் தகட்டுவில்லின் அடியிலும், பற்களின் இடையிலும், கொக்கியைச் சுற்றியும் படிந்த துகளைத் தூரிகையால் அகற்றி ஒரு துளி எண்ணெய் இடுக. கோன் என்னும் பெருங்கண்டு கொள்வோர், நூல் அதன் நேர்மேலே எழுந்து வருமாறு வளையத்தை அமைத்தல் வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் நூல் அடிவிளிம்பிற் சிக்கி விட்டுவிட்டு இறுகும்.

ஐந்தாவது, அடிநூல். பாபினில் நூல் ஒரே சீராகச் சுற்றப்பட்டிருத்தல் வேண்டும். ஒருபால் தளர்ந்தும் ஒருபால் இறுகியும் சுற்றிய பாபின், தையலையும் அங்ஙனமே ஆக்கும். விளிம்பு வழியச் சுற்றுதலும் தீது. பாபினைக் கூட்டில் இட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுக. கூடு தானே கீழிறங்காது நிற்றல் வேண்டும். கையை மெல்ல அசைத்தால் சிறிதளவு இறங்கி மீண்டும் நிற்றல் வேண்டும். அசைத்தும் இறங்காதாயின் இறுக்கம் மிகுதி. அசைக்காமலே ஓடி வீழ்ந்தால் தளர்ச்சி மிகுதி. திருத்த வேண்டுமாயின் திருகைக் கடிகார முள்ளின் ஐந்து நிமிட அளவுக்கு மேல் ஒரேமுறையில் திருப்பற்க.

ஆறாவதும் இறுதியுமாகவே மேல் இழுவிசைத் திருகைத் தொடுதல் வேண்டும். அம்முதியவர் இதனை வற்புறுத்தினார். "தம்பி, அந்தத் திருகு தானாகத் திரும்பாது. நேற்று நன்றாய்த் தைத்த மெஷின் இன்று அறுக்கிறதென்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே என்ன மாறிற்று என்று முதலில் பாருங்கள். நூல் மாறியிருக்கும், துணி மாறியிருக்கும், ஊசி வளைந்திருக்கும். அதை விட்டுத் திருகைத் திருகினால், இருந்த ஒரு பிழையோடு இன்னொரு பிழையும் சேரும்" என்றார். ஏனைய யாவும் செம்மையுற்ற பின்னரும் தையல் ஒவ்வாதாயின், தைக்கவேண்டிய அதே துணியின் இரு மடிப்பில், மேலே ஒரு நிறமும் கீழே வேறு நிறமுமாக நூலிட்டுத் தைத்துப் பார்த்து, சிறிது சிறிதாகத் திருத்துக. கொக்கியும் ஊசியும் சந்திக்கும் காலம் பிழைத்திருப்பின் தையல் விட்டுவிட்டு விழும். அதனைத் திருத்துதல் தேர்ந்தோர் தொழில்.

அத்தையார் பொறியிற் கண்டது

இம்முறைப்படி ஆராய்ந்தபொழுது வெளிப்பட்ட வரலாறு வியப்பைத் தந்தது. சில நாட்களுக்கு முன்னர் ஓர் ஊசி, தடித்த மடிப்பொன்றைத் தைக்கையில் வளைந்து, துளைத் தகட்டின் விளிம்பில் மோதி முறிந்திருந்தது. அத்தையார் புதிய ஊசியை மாட்டிவிட்டார், தகட்டினை நோக்கவில்லை. துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தோன்றாத, நகத்திற்கு மட்டும் தட்டுப்படும் ஒரு பிசிறு எழுந்திருந்தது. அது நூலை அறுத்தது. அறுந்த நூலை அவர் விரைவிற் கோத்தார். கூலிக்காக விரைபவர் பாதத்தை உயர்த்திக் கோக்க நினையார். எனவே நூல் தட்டுகட்கு வெளியே ஓடிற்று. கீழே வளையம் தொங்கிற்று. வளையத்தைக் கண்டு அடித்திருகை இறுக்கினார். ஒரு பிசிறு மூன்று பிழையாயிற்று. ஒவ்வொரு திருத்தமும் அடுத்த பிழைக்குத் தாயாயிற்று.

முதியவர் நுண்ணிய உப்புத்தாளால் தகட்டின் பிசிறைத் தேய்த்து, ஒரு நூலைத் துளையில் முன்னும் பின்னும் இழுத்துச் சோதித்தார். அது வழுக்கிச் சென்றது. அடித்திருகைப் பழைய நிலைக்குத் தளர்த்தினார். அத்தையாரைப் பாதத்தை உயர்த்திக் கோக்கச் செய்து, ஒரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டினார். இருபுறமும் ஒரே தையல். "அக்கா, மெஷினும் பழையதன்று, நீங்களும் பழையவரல்லர்" என்று கூறி, ஒரு தேநீர் விலையளவே கூலியாகப் பெற்றார்.

நாற்பது உடைகளையும் பிரித்துத் தைக்க ஐந்து நாள் ஆயின. பிரித்தல் நம் பங்கு. தைத்தல் அவர் பங்கு. அவ்வைந்து நாளும் புதிய கட்டு எடுக்க இயலவில்லை. பிடித்த கூலியும் திரும்பவில்லை. தைத்தவர் கையைக் குறைகூறிய சீட்டு ஒன்று அக்கட்டினுள் இருந்தது. துளைத் தகட்டின் பிசிறைப் பற்றி அச்சீட்டில் ஒரு சொல்லும் இல்லை, இருத்தற்கு வழியுமில்லை.

பிறநாட்டு நெடுங்கைப் பொறி

இதே இயல்பினை வேறு வடிவிற் காட்டுவது மேனாட்டார் கையாளும் நெடுங்கைப் பொறி. மேற்றுணி, இடையே பஞ்சுப்படலம், அடித்துணி என்னும் மூன்றனையும் சேர்த்துத் தைக்கும் போர்வையை அந்நாட்டார் கில்ட் என்பர். வங்க நாட்டுக் காந்தாவும் துணியடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் இவ்வினத்தைச் சார்ந்ததே. நம் தையற்பொறியில் பொறி நிற்கத் துணி ஓடும்; அப்பொறியிலோ துணி சட்டத்தில் நிற்க, நீண்ட கையையுடைய பொறி தண்டவாளங்களின்மேல் எத்திசையும் ஓடும். தைப்பவர் பிடியைப் பற்றிப் பூவும் கொடியும் வரைவது போலத் தைத்துச் செல்வர்.

அங்கும் நூல் அறுகின்றது. அங்கும் வளையம் தோன்றுகின்றது. ஆனால் ஒரு புதிய காரணம் சேர்கின்றது. ஊசி துணியினுள் இருக்கும்பொழுதே பொறி நகருமாதலின், ஊசி அந்நகர்ச்சியின் திசைக்கேற்ப வளைகின்றது. ஒரு திசையிற் செம்மையாக விழுந்த தையல் மறுதிசையில் விழாது. வளைவுகளில் விரைந்து திரும்பினால் அடிப்புறத்தே கண்ணிமை மயிர் போல நூல்கள் வரிசையாகத் தோன்றும். அதற்கு மருந்து திருகன்று. வளைவில் வேகத்தைக் குறைத்தலும், 18-ஆம் எண் போன்ற தடித்த ஊசியை இடுதலும், துணியை முரசு போல இறுக்காது சிறிது நெகிழ விடுதலுமேயாம். பொறி வேறாயினும் பாடம் ஒன்றே: குற்றம் தோன்றும் இடம் வேறு, குற்றம் பிறக்கும் இடம் வேறு.

முடிவுரை

சங்க காலத்தில் கைம்பெண்டிர் பருத்தி நூற்று உயிர் வாழ்ந்தனர் என்பதனை நாம் வகுப்பிற் கற்கின்றோம், தேர்விலும் எழுதுகின்றோம். அவர் கையில் நூல் எத்தனை முறை அற்றதென்று நாம் வினவினோமல்லோம். அவ்வினாவை எழுப்பியது புத்தகமன்று; நாற்பது உடைகளின் கட்டு ஒன்று.

நம் கல்லூரித் தோழர் பலர் இல்லங்களிலும் ஒரு தையற்பொறி இருத்தல் கூடும். அதன்முன் ஒரு தாயோ தமக்கையோ அமர்ந்திருத்தல் கூடும். அடுத்த விடுமுறையில் நூல் அறும் ஓசை கேட்பின், ஏட்டினைச் சிறிது மூடி வைத்து எழுந்து செல்க. அறுந்த நுனியை வாங்கி வெளிச்சத்திற் பிடித்துப் படிக்க. பாதத்தை உயர்த்திக் கோக்க. ஊசியை மாற்றுக. தகட்டின் துளையை நகத்தால் தடவிப் பார்க்க. திருகை இறுதியில் தொடுக.

இதனை எழுதும் இந்நாளில் அத்தையாரிடமிருந்து ஒரு செய்தி வந்துள்ளது. புதிய கட்டு வந்ததென்றும், முதல் இரண்டு நாளில் நூல் நான்கு முறையே அற்றதென்றும், நான்கு நுனிகளையும் நமக்குக் காட்டுதற்காக ஒரு தாளில் ஒட்டி வைத்திருப்பதாகவும் தெரிவித்துள்ளார்.